மூன்றாவது எழுத்தின் வளைவு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் "பரவாயில்லை" என்று எழுதியிருந்தாய். உன் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதனால் உள்ளதை உள்ளபடி எழுது. எனக்குக் கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அத்தானுக்கு என் வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இசைக் கல்லூரி நூலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடைகடையாகப் போய் எடைக்கல் சோதிக்கிற ஆளை இசைக் கல்லூரி எதற்குக் கூப்பிட வேண்டும் என்று அத்தான் சிரிப்பார். சிரிக்கட்டும். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கையெழுத்துப் போட்ட படங்களையும், அவர்கள் கைப்பட எழுதிய இசைக் குறிப்புகளையும் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்த்து வருகிறேன். எது அசல், எது போலி என்று தெரிய வேண்டுமென்றால் இந்த ஊரில் என்னைத் தேடித்தான் வருகிறார்கள்.

நான் சின்ன வயதில் பைத்தியமாக இருந்தேனே, அந்த இசையமைப்பாளர், காலமாகிவிட்ட நம் மாஸ்டர், அவரிடம் முப்பத்துநான்கு வருஷம் படியெடுக்கும் வேலை பார்த்த ஓர் அம்மாள் இருக்கிறார். மாஸ்டர் மொத்தமாக எழுதித் தரும் இசையை, வயலினுக்கு ஒரு தாள், குழலுக்கு ஒரு தாள் என்று பிரித்து எழுதித் தருவது அவர் வேலை. இப்போது அந்தக் கல்லூரியிலேயே அதே வேலை பார்க்கிறார். மாஸ்டர் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போனது என்று ஒரு பெட்டியை நூலகத்துக்குத் தர முன்வந்திருக்கிறார். முப்பத்தொரு குறிப்புகள், கையெழுத்துப் போட்ட படங்கள் ஆறு. பணம் ஒன்றும் வேண்டாமாம். வேண்டாம் என்பவர்களைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

எழுத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முப்பத்துநான்கு வருஷம் ஒருவரைப் பார்த்தே எழுதியவருக்கு அவர் எழுத்து வராமல் என்ன செய்யும்? ஆனால் படிகளில் மாஸ்டரின் கையெழுத்தைப் போட வேண்டியதில்லை, அதனால் எல்லாம் கையெழுத்தில் வந்து நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இருப்பது நீ வாங்கி வந்த படம்தான். எனக்குப் பதினொரு வயதில் கால் உடைந்து கட்டோடு படுத்திருந்தபோது, நீ மாஸ்டர் கச்சேரிக்குப் போய், மேடைக்குப் பின்னால் முண்டியடித்து நுழைந்து, உன் கண் முன்னாலேயே அவரிடம் கையெழுத்து வாங்கி வந்தாயே, அதே படம். அவர் கையில் தைல வாசனை வந்தது, "உன் தம்பி கால் சீக்கிரம் சரியாகிவிடும்னு சொல்லு" என்றார், எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த உலகத்தில் எனக்குச் சந்தேகமே இல்லாத கையெழுத்து அது ஒன்றுதான்.

நூலகத்தில் அதற்கு எழுத்து மூலம் ஆதாரம் கேட்கிறார்கள். அன்றைக்கு நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஃபோனில் கேட்டால் நீ பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் தம்பி

ஜனவரி 31

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்டபடி உள்ளதைச் சொல்கிறேன்: முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது. கண்ணுக்கு நல்ல டாக்டராகப் பார். பூதக்கண்ணாடியை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தால் கண் என்ன ஆகும்? உன் அத்தான் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "துப்பறியும் புலிக்கு மூக்கு வியர்த்துடுச்சு" என்றார். பிறகு பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

பதில் தாமதமாகிவிட்டது. தையல் ஆலையில் புது டிசைன்கள் வந்து குவிந்துவிட்டன. பூவேலைக்குத் துணியில் கோடு வரைந்து கொடுக்க எனக்குக் கீழே இப்போது நாலு பெண்கள் இருக்கிறார்கள். நாலு பேருக்கும் வளைவில் பென்சிலைத் தூக்கி வைத்து வரையத் தெரியவில்லை. ஒரே இழுப்பாக இழுத்தால் கோடு தடிக்கும், ஊசி எங்கே இறங்குவது என்று தைக்கிறவளுக்குத் தெரியாது. நாள் முழுக்க இதைச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

நீ கேட்டதைப் பற்றி. அது நடந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. எனக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது? உனக்குத்தான் என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு படத்தை வைத்துக்கொண்டு எப்படித் தீர்ப்புச் சொல்வாய்? மாஸ்டர் வீட்டில், வங்கியில், வேறு எங்காவது அவர் கையெழுத்து இருக்காதா? அதை வாங்கிப் பார்.

அந்த அம்மாளுக்கு என்ன வயது? கூட யாராவது இருக்கிறார்களா? நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஃபெப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டைக்கு வெந்நீர் குடி. படி ஏறாதே. கீழ் அறையில் படுக்கையைப் போடச் சொல்லி அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல்.

அந்த அம்மாள் வீட்டுக்கு நேற்றுப் போயிருந்தேன். வயது அறுபத்தைந்து இருக்கும், தனி ஆள். அவர் இருப்பது ஓர் அச்சகத்தின் மேல் மாடியில் ஒரே அறையில். கீழே இயந்திரம் ஓடினால் மேலே தம்ளர் ஆடுகிறது. ஜன்னல் ஓரம் சாய்வு மேஜை, அதில் ஐந்து முள் வைத்த ஒரு பேனா. இசைத்தாளுக்கு வேண்டிய ஐந்து கோடும் ஒரே இழுப்பில் விழுகிறது. நான் கேட்காமலே ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினார். கைத்திறனைக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. மசிப்புட்டி மூன்று இருந்தது. மூன்று எதற்கு என்று கேட்டதற்கு, ஒன்று தீர்ந்தது, ஒன்று தீரப்போவது, ஒன்று புதியது என்றார். பதில் கொஞ்சம் தயாராக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. டீ கொடுத்தார். இரண்டாவது டீயும் கொடுத்தார். இரண்டாவது டீ எதற்கு?

படங்களைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆறிலும் கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடு போகிறது, அது வலதுபக்கம் வாலாகச் சுருண்டு, பக்கத்தில் இரண்டு புள்ளி. முப்பத்தொரு குறிப்புகளின் கடைசிப் பக்கத்திலும் அப்படியே. "அவர் எப்பவும் அப்படித்தான் முடிப்பார்" என்கிறார் அம்மாள். நம் படத்தில் வாலும் இல்லை, புள்ளியும் இல்லை. அந்தக் காலத்து இசைத்தட்டின் உறையில் அச்சான கையெழுத்திலும் இல்லை. ஒன்றுக்கு இரண்டு சாட்சி.

மாஸ்டர் வீட்டில் கேட்டாயா என்று எழுதியிருந்தாய். அங்கே யாரும் இல்லை, வீடே இடித்தாகிவிட்டது. வங்கியில் கொடுக்க மாட்டார்களாம்.

கல்லூரி முதல்வர் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். போலி என்று நான் எழுதிக் கொடுத்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதோடு நிற்காதாம். கல்லூரியை ஏமாற்றப் பார்த்தார் என்று அந்த அம்மாளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களாம், போலீசில் எழுதிக் கொடுக்கவும் யோசிக்கிறார்கள். வேலை போனால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. வருத்தம்தான். ஆனால் எடையைக் குறைக்கிற கடைக்காரனும் என்னிடம் பிள்ளைகுட்டிக் கதைதான் சொல்கிறான். ஏப்ரல் கடைசிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். உன் வாக்குமூலம் இன்னும் வரவில்லை.

உன் தம்பி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

படுக்கை கீழே வந்துவிட்டது. உன் பேரைச் சொன்னதும் உன் அத்தான் அரை மணியில் நகர்த்திவிட்டார். நான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் உடம்பு எப்படி? கண் டாக்டரைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அவசரப்படாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தக் குணம். பெண் வீட்டார் அனுப்பிய போட்டோவையே பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, "இதுல நிழல் ரெண்டு பக்கம் விழுது" என்று திருப்பி அனுப்பியவன் நீ. அந்தப் பெண் இன்றைக்கு மூன்று பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். அந்த இசைத்தட்டு உறையில் கையெழுத்து எங்கே இருக்கிறது? வலதுபக்க ஓரத்தில்தானே? அட்டையை வெட்டும்போது ஓரம் போயிருக்கலாம் அல்லவா? வாலும் புள்ளியும் வெட்டுப்பட்டிருந்தால்? அது வெளிவந்து சில வருஷம் கழித்து இரண்டாம் முறை அச்சான உறையில் முழுசாக இருந்ததாம். இது உன் அத்தான் கேட்கச் சொன்னது. இசைத்தட்டுக் கடையில் இருபது வருஷம் நின்றவர், அவருக்குத் தெரியும்.

வாக்குமூலம் எல்லாம் எனக்கு எழுத வராது. விட்டுவிடு.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கண் டாக்டரைப் பார்த்தாயிற்று, சொட்டு மருந்து போடுகிறேன். கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி என் கேள்வி.

அத்தானுக்கு எப்போது முதல் இதில் அக்கறை? முப்பது வருஷமாக என் பொழுதுபோக்கைக் கேலி செய்தவர், இப்போது உறையின் ஓரம் எங்கே வெட்டுப்பட்டது என்று கேட்கிறார். இரண்டாம் அச்சு என்னிடமும் இருக்கிறது. அதில் வால், புள்ளி எல்லாம் இருக்கிறது. அது அச்சகத்து ஓவியர் அழகுக்குச் சேர்த்தது. அதைப் பார்த்துத்தான் போலி செய்கிறவர்கள் எல்லாரும் புள்ளி வைக்கிறார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. சேகரிப்போர் சங்கத்து இதழில் இரண்டு பக்கக் கட்டுரையாகவே வந்திருக்கிறது.

நம் படத்தில் இன்னொரு சாட்சி இருக்கிறது. மூன்றாவது எழுத்தின் வளைவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், கோடு மயிரிழை அளவு விட்டுப்போய், மறுபடி தொடங்குகிறது. மாஸ்டருக்குக் கையில் நடுக்கம் இருந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தைலம் தேய்த்திருந்தார் என்று நீ சொன்னாயே, அதோடு சரியாகப் பொருந்துகிறது. அந்த அம்மாள் கொண்டுவந்த ஒன்றில்கூட அந்த இடைவெளி கிடையாது. "மாஸ்டருக்குக் கை நடுங்குமா?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தேன். "அவர் கையா? கல்லு மாதிரி நிக்கும்" என்றார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

இந்த இரண்டு அடையாளத்தை வைத்து மாஸ்டர் கையெழுத்து என்று வந்தவற்றில் இதுவரை பத்தொன்பதைப் போலி என்று சொல்லியிருக்கிறேன். பத்தொன்பது வீட்டு விலாசமும் நோட்டில் இருக்கிறது. சிலர் அழுதார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள். உண்மை சுடத்தான் செய்யும்.

ஒளிக்காமல் சொல், அந்த அம்மாள் உனக்குக் கடிதம் எழுதினாரா? உன் விலாசம் எப்படிக் கிடைத்தது?

உன் தம்பி

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

சொட்டு மருந்தை விடாமல் போடு. இங்கே சௌக்கியம்தான், எனக்குத்தான் தூக்கம் சரியில்லை.

அந்த அம்மாளை எனக்குத் தெரியாது. அவர் எனக்கு எழுதவும் இல்லை. உன் கடிதத்தில் அந்தப் பத்தொன்பதைப் படித்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. பத்தொன்பது பேரா? எனக்குத் தெரியவே தெரியாது. நீ சொன்னதே இல்லையே.

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒரு நடை நேரில் வாயேன். பேச வேண்டும். வர முடியாவிட்டால் அந்த அம்மாளை விட்டுவிடு. அசலா போலியா என்று சொல்ல முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடு. எனக்காக.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தூக்கம் வராததற்கு ஆலை டாக்டரைப் பார். என்னால் இப்போது வர முடியாது, ஆண்டுக் கணக்குச் சோதனை நடக்கிறது.

நீ மூடி மறைக்கிறாய். எதை என்று தெரியவில்லை. ஜனவரியில் கேட்ட ஒரு பக்கம் இன்னும் வரவில்லை. கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறாய், அடுத்த கடிதத்தில் உறையின் ஓரம்வரை ஞாபகம் வருகிறது. ஒரு கடைக்காரன் இப்படிப் பேசினால் நான் அவன் தராசைக் கழற்றிப் பார்ப்பேன். என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் நீ. அதையும் கெடுத்துவிடாதே.

அறிக்கை எழுதி முடித்துவிட்டேன். ஆறு படமும் போலி, அதனால் முப்பத்தொரு குறிப்புகளும் போலி, செய்தவர் படியெடுப்பவரே. இருபத்தைந்தாம் தேதி நேரில் கொடுக்கிறேன். உன் வாக்குமூலம் வந்தால் அதோடு சேர்ப்பேன். வராவிட்டாலும் கொடுப்பேன்.

தம்பி

ஏப்ரல் 13

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த பிறகு அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

நீ கேட்ட வாக்குமூலம் இது.

அன்றைக்கு நான் கச்சேரிக்குப் போகவில்லை. அரங்கத்து வாசலில் உனக்காக மாஸ்டர் படம் ஒன்று வாங்கினேன், அது உண்மை. பிறகு எதிர்ப்பக்கம் இருந்த இசைத்தட்டுக் கடைக்குப் போய்விட்டேன். உன் அத்தான் அங்கேதான் வேலை பார்த்தார் என்பது உனக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. நீ கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாய், மாஸ்டர் கையெழுத்து வேண்டுமென்று அழுதாய், எனக்கு வெளியே போக ஒரு காரணம் கிடைத்தது. நான் கெட்ட அக்கா என்று நினைத்துக்கொள். எனக்கு இருபது வயது.

அன்று முதலாளி வெளியூர் போயிருந்தார், கடையில் உன் அத்தான் மட்டும்தான். பேசிக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. எதிரே கூட்டம் கலைந்து வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் உன் படம் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மாஸ்டர் காரில் ஏறிப் போயாகிவிட்டது. வெறும் படத்தோடு எப்படி வீட்டுக்கு வருவது? கையெழுத்து இல்லையென்றால் அத்தனை நேரம் எங்கே போனாய் என்று அப்பா கேட்பார். உன் முகத்தையும் நினைத்துக்கொண்டேன்.

உன் அத்தான் கடை அலமாரியிலிருந்து அந்த இசைத்தட்டு உறையை எடுத்துக் கொடுத்தார். அப்போதே நான் ஆலையில் சேர்ந்திருந்தேன், என் பையில் டிசைன் எடுக்கும் வெண்ணெய்த்தாள் எப்போதும் இருக்கும். உறைமேல் வைத்து நாலைந்து தரம் தடம் எடுத்தேன், பிறகு பார்க்காமல் முப்பது, நாற்பது தரம் எழுதிப் பழகினேன், பிறகு படத்தில் போட்டேன். உறையில் எது இருந்ததோ அதுதான் என் கையில் வந்தது. ஓரத்தில் வெட்டுப்பட்டது என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டாம் அச்சு வந்தபோது உன் அத்தான் கவனித்து என்னிடம் சொன்னார். நாங்கள் சிரித்தோம், தம்பி. அதற்காகவும் என்னை மன்னிக்க வேண்டும்.

மூன்றாவது எழுத்தில் நடுக்கம் எதுவும் இல்லை. வளைவில் கையைத் தூக்கி வைப்பது என் தொழில். நான் பேனா பிடித்தாலும் அப்படித்தான் வரும்.

மாஸ்டர் உன்னைப் பற்றிக் கேட்டார், கால் சரியாகும் என்றார் என்பதெல்லாம் வீட்டுக்கு வரும் வழியில் நான் கட்டியது. நீ மறுபடி மறுபடி கேட்டாய், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். தைல வாசனை உன் அத்தான் கையில் வந்தது, அவருக்கு அன்றைக்குச் சளி.

ஒரு சின்னப் பையனின் சந்தோஷத்துக்குச் சொன்னது, கால் சரியானதும் அதுவும் மறந்துபோகும் என்று நினைத்தேன். நீ அதைச் சட்டம் போட்டு மாட்டினாய். பெரியவனாகி அதைப் பற்றிப் பேசினாய், அச்சில் எழுதினாய். ஒவ்வொரு தரமும் இப்போது சொல்லிவிடலாம் என்று இருக்கும், உன் முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதை வைத்து நீ மற்றவர்களை எடைபோடுகிறாய் என்று எனக்கு இந்த வருஷம்தான் தெரியும். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

அறிக்கையைக் கொடுத்துவிடாதே.

அக்கா

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை நான் நம்பவில்லை.

யாருக்கும் சந்தேகம் வராதபடி எழுதியிருக்கிறாய், அதுவே எனக்குச் சந்தேகம். அந்த அம்மாள் தனி ஆள் என்று நான் எழுதியதிலிருந்து நீ அவருக்காக இரங்கிக்கொண்டிருக்கிறாய். தெருவில் ஒருவர் தடுக்கி விழுந்தாலும் உனக்கு முழங்கால் வலிக்கும். அவரைக் காப்பாற்ற வேண்டுமென்று, பழியைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாய். உறை, வெட்டு என்பதெல்லாம் அத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார். இடைவெளி இருக்கிறது என்பதை என் கடிதத்திலிருந்தே தெரிந்துகொண்டிருப்பாய்.

ஆனால் வளைவில் சரியாக எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு என்று நான் எழுதவில்லை. அந்தப் படத்தை நீ கையில் எடுத்துப் பார்த்தே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் சோதனை சுலபம். அத்தான் எதையும் காட்டக் கூடாது, நீ உறையைப் பார்க்கக் கூடாது. வெள்ளைத் தாளில் மாஸ்டர் கையெழுத்தைப் பத்துத் தரம் போட்டு விரைவுத் தபாலில் அனுப்பு. இருபத்தைந்தாம் தேதிக்குள் வர வேண்டும்.

வராது என்றுதான் நினைக்கிறேன். உன்னால் அதைப் போட முடியாது என்றே வேண்டிக்கொள்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

சொட்டு மருந்து போடுகிறாயா?

பத்துக் கேட்டாய். ஐந்துக்கு மேல் கை ஓடவில்லை. உறையைப் பார்க்கவில்லை, எங்கள் வீட்டில் இப்போது அது இல்லை. உன் அத்தான் எதிரே உட்கார்ந்திருந்தார், எதையும் காட்டவில்லை.

அக்கா

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கும் தூக்கத்துக்கும் ஒரு மாதமாக நான் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாடுதான் இரண்டு வாரம் இறங்கவில்லை, இப்போது இறங்குகிறது.

உன் தாள் இருபத்துமூன்றாம் தேதி வந்தது. படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வேனோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது எழுத்தின் வளைவில், ஐந்திலும், ஒரே இடத்தில், ஒரே அளவு கோடு விட்டுப்போயிருக்கிறது. வெறும் கண்ணுக்கே தெரிகிறது. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும், ஏன், என்னையே கேட்டாலும், ஒரே கை என்றுதான் சொல்வேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. பொய் சொன்னதற்கு இல்லை. காலைக் கட்டிப் போட்டிருந்த பையனுக்கு யாரும் அதைச் செய்வார்கள். ஆனால் முப்பது வருஷமாகச் சங்கக் கூட்டங்களில் நான் மேடையேறித் தைல வாசனையைப் பற்றிப் பேசியபோது, வந்த தரமெல்லாம் நீ முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாயே, அதற்கு. அதை எப்போது மறப்பேன் என்று தெரியவில்லை. மறப்பேன் என்று மட்டும் தெரிகிறது.

இசைத்தட்டின் முதல் உறையை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன், வால் தொடங்குகிற இடத்திலேயே அட்டை வெட்டுப்பட்டிருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி வேறு அறிக்கை கொடுத்தேன். பெட்டியில் இருப்பவை அசல் என்றும், என் ஒப்பீட்டுப் படம்தான் போலி என்றும் எழுதினேன். முதல்வர் இரண்டு தரம் படித்துவிட்டு, இனிமேல் என்னைத் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று மரியாதையாகச் சொன்னார். பெட்டியை நூலகம் ஏற்றுக்கொண்டது. சங்கத்து இதழுக்கும் எழுதிவிட்டேன், போடுவார்களா என்று தெரியாது.

அந்த அம்மாளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போக மூன்று வாரம் ஆயிற்று. நேற்றுத்தான் மாடி ஏறினேன். உட்காரச் சொல்லவில்லை, டீயும் இல்லை. சாய்வு மேஜையில் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார். நான் சந்தேகப்பட்டது, வேலையிலிருந்து அவரை அனுப்பப் பார்த்தது, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். ஐந்து முள் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்தக் கையெழுத்தை வச்சு என்னைப் பொய்க்காரின்னு முடிவு பண்ணீங்க?"

"எங்க அக்கா கையெழுத்தை வச்சும்மா."

சிரிப்பார் என்று நினைத்தேன், அல்லது கத்துவார். இரண்டும் இல்லை. மேஜையிலிருந்த தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "எனக்கு முன்னாடி எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். "அப்ப இங்க ஏன் நின்னுட்டிருக்கீங்க, கிளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மசியில் தோய்த்தார்.

நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். முதல் பெயர் மாஸ்டரிடம் வாசித்த ஒரு வயலின்காரர். சண்டை போட்டுக்கொண்டு மாஸ்டரை விட்டுப் போனவர். பத்து வருஷம் கழித்து மாஸ்டர் கையெழுத்துப் போட்ட ஒரு படம் அவருக்குத் தபாலில் வந்தது, ஒரு வரிகூட எழுதாமல். அது அசல்தானா என்று என்னிடம்தான் கொண்டுவந்து கேட்டார். புள்ளியைக் காட்டி, யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்றேன். அவர் மாஸ்டரைப் போய்ப் பார்க்கவே இல்லை. மாஸ்டர் இறந்தபோதும் போகவில்லை.

அவர் இன்னும் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், கீழ்த்தளம், படி கிடையாது. அந்தக் கதவைத் தனியாகத் தட்ட எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வா. நான் ஸ்டேஷனில் நிற்கிறேன்.

உன் தம்பி